வீட்டில் சுடும் ரொட்டிக்கு எந்த மாவு?

எங்கள் நீரிழிவுப் பிரிவுக்குத் தொடர்ந்து வரும் ஓர் அம்மையாருக்கு வயது நாற்பத்தாறு. பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். ஓராண்டுக்கு முன் அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 7.6 ஆக இருந்தது. டீ இடைவேளையில் பேக்கரி பன், ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திரும்பும் வழியில் இரண்டு பரோட்டா என்று அவர் விவரித்ததைக் கேட்டுவிட்டு, “மைதாவை விட்டுவிடுங்கள், கோதுமைக்கு மாறுங்கள்” என்று சொல்லி அனுப்பினோம். அவர் சொன்னபடியே செய்தார். மகன் சிறிய ஓவன் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மருமகள் கைப்பேசியில் பார்த்து ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். தெருமுனை மாவு மில்லில் அரைத்த கோதுமை; மைதா ஒரு சிட்டிகைகூட இல்லை. காலையில் மூன்று துண்டு, இரவில் மூன்று துண்டு.

ஆறு மாதம் கழித்து எடுத்த சோதனையில் சராசரி 8.8.

“மைதாவைக் கையில்கூடத் தொடறதில்லைங்க டாக்டர். வீட்டுக் கோதுமைதானுங்க” என்றார் அவர். அவர் மீது பிழையில்லை. எங்கள் அறிவுரைதான் பாதியில் நின்றுவிட்டது. கோதுமை என்று சொன்னோமே தவிர, எப்படி அரைத்த கோதுமை, எவ்வளவு, எதனோடு என்று சொல்லவில்லை. அந்த மீதிப் பாதியைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை. ரொட்டி என்று இதில் நாங்கள் குறிப்பிடுவது, ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்து ஓவனில் சுடும் பிரெட்டை.

கோவை, திருப்பூர்ப் பகுதியில் பேக்கரி என்றால் தேநீர்க்கடை என்றே பொருள். பிற மாவட்டங்களிலிருந்து வருவோர்க்கு இது வியப்பாக இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பன்னும் பப்ஸும் வர்க்கியும் இருக்க, முன்னால் நின்றபடி தேநீர் அருந்துவது இங்குள்ள தொழிலாளர் வாழ்வின் ஒரு பகுதி. ஆகவே ரொட்டியை அடியோடு விலக்குங்கள் என்று சொல்வதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. வீட்டில் சுடுவோர் தொகை அண்மைக் காலத்தில் கூடிவருவதை நாங்கள் வரவேற்கவே செய்கிறோம். உள்ளே என்ன சேர்கிறது என்பது சுடுபவர் கையில் இருக்கிறது என்பதே அதிலுள்ள பெரிய நன்மை.

ஒரு கோதுமை மணியில் மூன்று பகுதிகள் உள்ளன. வெளிப்புறத் தவிடு எடையில் ஏறத்தாழ 14 சதவீதம். முளை 2 முதல் 3 சதவீதம். எஞ்சிய 83 சதவீதமும் உள்ளிருக்கும் வெண்மையான மாவுப்பகுதி. ரோலர் மில்லில் தவிட்டையும் முளையையும் பிரித்தெடுத்துவிட்டு மாவுப்பகுதியை மட்டும் நுண்மையாக அரைத்துச் சலித்தால் கிடைப்பது மைதா. மணி முழுவதையும் அரைத்தால் கிடைப்பது கோதுமை மாவு அல்லது ஆட்டா. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் ஆட்டாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், இரும்புச்சத்து சுமார் 4 மில்லிகிராம். மைதாவிலோ நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. இரும்புச்சத்து 2 மில்லிகிராமுக்கும் குறைவு. இழப்பு எங்கே நிகழ்கிறது என்பதற்கு இந்த எண்களே போதும்.

மைதாவைப் பற்றிப் பரவலாக உலவும் ஓர் அச்சத்தையும் இங்கேயே பேசிவிடுவது நல்லது. மைதாவில் அலாக்ஸான் என்னும் இரசாயனம் கலக்கப்படுகிறது, அது கணையத்தை அழித்து நீரிழிவை உண்டாக்குகிறது என்னும் செய்தியைக் கைப்பேசியில் எங்களிடம் காட்டாத வாரமில்லை. அலாக்ஸான் உண்மையான பொருள்தான். அது முயல்களின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது என்பது 1943ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. அதன் பிறகு சோதனைக்கூட விலங்குகளுக்கு நீரிழிவை வரவழைக்க அதை ஊசி வழியாகச் செலுத்திவருகிறார்கள். ஆனால் அதை யாரும் மைதாவில் கொட்டிக் கலப்பதில்லை. மாவை வெளுக்கச் செய்யும் வினையில் மிகச் சிறு அளவில் தோன்றக்கூடும் என்பதே அதிகபட்சம் சொல்லக்கூடியது. எலியின் கணையத்தைப் போல மனிதக் கணையம் அதற்கு எளிதில் பலியாவதில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. மைதா உண்பதால் அலாக்ஸான் வழியாக மனிதருக்கு நீரிழிவு வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. மைதாவின் குறை மறைந்திருக்கும் நஞ்சு அன்று. நாரும் சத்தும் நீங்கிய மாவுச்சத்து விரைவாகச் செரித்து, விரைவாக இரத்தத்தில் சேர்கிறது என்பதே அதன் குறை. இந்த வேறுபாட்டை நாங்கள் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நஞ்சைக் கண்டு அஞ்சி மைதாவை விட்டவர், நஞ்சில்லாத கோதுமையை எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்று எண்ணிவிடுகிறார். நம் அம்மையாருக்கு நேர்ந்தது அதுதான்.

முழுக்கோதுமை ரொட்டியின் புதிர்

ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக உயர்த்துகிறது என்பதை அளக்கக் கிளைசீமிக் குறியீடு என்னும் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். தூய குளுக்கோஸுக்கு 100. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு அட்டவணையில் வெள்ளை மைதா ரொட்டியின் சராசரி 75. முழுக்கோதுமை ரொட்டியின் சராசரி 74. படிப்பவர் அச்சுப்பிழை என்று எண்ணக்கூடும்; பிழையில்லை. அதே அட்டவணையில் சப்பாத்தி 52. உடைத்த தானியமும் முழுத் தானியமும் கலந்த ரொட்டி 53.

தவிடு சேர்ந்திருந்தும் ஏன் இப்படி? தவிட்டையும் நுண்பொடியாக அரைத்துவிட்டால், மாவுச்சத்தைச் சுற்றியிருந்த அரண் உடைந்துபோகிறது. ஈஸ்ட் அந்த மாவைப் பஞ்சுபோல உப்பவைக்கிறது; ஓவனின் வெப்பமும் ஈரமும் மாவுச்சத்தை முழுவதுமாக வேகவைக்கின்றன. செரிமான நொதிகளுக்கு இதைவிட எளிதான வேலை வேறில்லை. டேவிட் ஜென்கின்ஸ் தலைமையிலான டொரண்டோ ஆய்வுக்குழு 1988ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பலவகை ரொட்டிகளைக் கொடுத்துச் சர்க்கரையை அளந்து பார்த்தார்கள். தானியத்தை முழுமாவாக அரைத்துச் சுட்ட ரொட்டி ஏறத்தாழ வெள்ளை ரொட்டியைப் போலவே சர்க்கரையை ஏற்றியது. அரைக்காத பார்லி மணியின் பங்கு ரொட்டியில் கூடக்கூட, ஏற்றம் படிப்படியாகக் குறைந்தது. உடைத்த கோதுமையும் அதே திசையில் பயன் தந்தது, சற்றே குறைவாக.

அப்படியானால் மைதாவுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கலாம். கூடாது. நார்ச்சத்தின் பயன் ஒரு வேளைச் சர்க்கரை ஏற்றத்தோடு முடிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2019ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான பெருந்தொகுப்பு ஆய்வில், நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து உண்பவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை குறைவாகவே காணப்பட்டன. முழுக்கோதுமை நல்ல மாவுதான். அளவின்றி உண்பதற்கு அது உரிமம் ஆகாது.

அளவு என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 500 கிராம் ஆட்டாவில் ஒரு ரொட்டி சுட்டால் அதில் சுமார் 340 கிராம் மாவுச்சத்து இருக்கும். கடை ரொட்டியை இயந்திரம் மெல்லிதாக வெட்டுகிறது; வீட்டில் கத்தியால் வெட்டும்போது துண்டு தடிக்கிறது. அம்மையாரின் மருமகள் பன்னிரண்டு துண்டாக வெட்டுவார். ஒரு துண்டுக்கு 28 கிராம். ஆறு துண்டுக்கு 170 கிராம். ஏறத்தாழ 600 கிராம் சோற்றில் இருக்கும் மாவுச்சத்து இது. சோற்றை இரண்டு கைப்பிடியாகக் குறைத்துக்கொண்டதாக அவர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அது உண்மைதான். இழந்ததை ரொட்டி ஈடுசெய்துவிட்டது.

மில் மாவா, பொட்டல மாவா?

எங்கள் உணவியல் பிரிவின் சமையலறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பல மாவுகளைக் கொண்டு சுட்டுப் பார்த்தோம். முதலில் ராகி மாவு மட்டும் கொண்டு சுட்டது செங்கல்லாக வந்தது. செவிலியர் ஒருவர் அதைக் கதவுக்கு அண்டக் கொடுக்கலாம் என்றார். காரணம் எளியது. ரொட்டி உப்ப வேண்டுமானால் ஈஸ்ட் வெளியிடும் காற்றைப் பிடித்துவைக்கும் இழுவைத்தன்மை மாவுக்கு வேண்டும். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதமே அதைத் தருகிறது. ராகி, கம்பு, சோளம் ஆகியவற்றில் அது இல்லை.

மைதாவில் ரொட்டி மிக உயரமாக வந்தது. தெருமுனை மில்லில் அரைத்த கோதுமை மாவில் ரொட்டி அமுங்கியே இருந்தது. கல்லில் நெருக்கி அரைக்கும்போது மாவுச்சத்து மணிகள் சிதைகின்றன. சிதைந்தவை அதிக நீரைக் குடிக்கும். சப்பாத்தி மிருதுவாக வருவதற்கு இதே பண்புதான் உதவுகிறது. ரொட்டிக்கோ மாவு பிசுபிசுத்துத் தளர்ந்துவிடுகிறது. மில்காரரிடம் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துத் தரும்படி கேட்பது இரண்டு வகையில் நல்லது: ரொட்டியின் அமைப்பும் மேம்படும், செரிமானமும் சற்றே மெதுவாகும். முளையிலுள்ள எண்ணெய் காரணமாக முழுமாவு விரைவில் சிக்குவாடை அடிக்கும்; நம் கோடை வெப்பத்தில் வண்டும் வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட மாவை வெளியில் வைக்க வேண்டாம்.

பொட்டல ஆட்டா வாங்குவோர் முன்பக்கத்து எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். உட்பொருள்கள் எடை வரிசையில், மிகுதியானது முதலில் வருமாறு அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. பலதானிய மாவு என்று எழுதியிருந்தாலும் ராகிக்கும் சோயாவுக்கும் எதிரே எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மிகுதி அனைத்தும் கோதுமையே. கடையில் வாங்கும் பழுப்பு ரொட்டிக்கும் இது பொருந்தும்: முதற்பொருள் மைதாவாக இருந்து, கடைசியில் காரமல் நிறம் அல்லது 150 என்ற எண் இருந்தால், பழுப்பு நிறம் தவிட்டிலிருந்து வந்ததன்று.

சம்பா கோதுமை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். உமியோடு ஒட்டிய மணியுடைய பழைய கோதுமை இனத்துக்கு உரிய பெயர் அது. வடக்கே கப்ளி என்பார்கள். கோதுமையின் துருநோயை ஆராய்வதற்காக 1954ஆம் ஆண்டு குன்னூரை அடுத்த வெலிங்டனில் தொடங்கப்பட்ட இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம், நீலகிரி கப்ளி என்றே ஒரு வகையை உருவாக்கித் தந்திருக்கிறது. ஆனால் கடைகளில் சம்பா என்ற பெயர் மிகத் தளர்வாக வழங்குகிறது. உண்மையான சம்பாவின் பசைத்தன்மை வலுவற்றது. அதன் மாவில் மட்டும் சுட்டால் ரொட்டி உதிரும். எங்களுக்கு அது பயன்பட்டது வேறு வடிவில்: ரவையாக.

உடைத்த கோதுமை ரவையை ஊறவைத்து மாவோடு பிசைவதே நாங்கள் கண்ட நல்ல வழி. ஜென்கின்ஸ் சொன்ன அரைக்காத தானியத்தின் பயனை நம் ஊர் மளிகைக் கடையிலேயே பெறுவதற்கு இதைவிட எளிய உபாயம் தெரியவில்லை. எங்கள் அளவு இதுதான்: கோதுமை ரவை 150 கிராம், ஆட்டா 250 கிராம், மைதா 100 கிராம். ஆம், மைதா. ஐந்தில் ஒரு பங்கு மைதா இல்லாவிட்டால் குழந்தைகள் அந்த ரொட்டியைத் தொடுவதில்லை. வீட்டில் ஒருவருக்கென்று தனி ரொட்டி சுடும் ஏற்பாடு நீடிப்பதுமில்லை. ரவையின் மேல் 200 மில்லிலிட்டர் கொதிநீரை ஊற்றி இரவு முழுவதும் மூடிவைக்க வேண்டும். மறுநாள் அதனோடு மாவு இரண்டையும், ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றையும் சேர்த்து, சுமார் 240 மில்லிலிட்டர் நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். சர்க்கரை தேவையில்லை, மாவிலிருந்தே ஈஸ்டுக்கு வேண்டியது கிடைக்கும். சித்திரை வெயிலில் மாவு முக்கால் மணி நேரத்தில் இருமடங்காகிவிடும். அப்போது குளிர்ந்த நீரில் பிசைவது நல்லது. பெரிய டின்னில் இட்டு, மீண்டும் எழும்பியதும் 200 டிகிரியில் 40 நிமிடம். முற்றும் ஆறிய பின்னரே வெட்ட வேண்டும். பதினாறு துண்டாக வெட்ட வேண்டும். அந்தத் துண்டில் மாவுச்சத்து சுமார் 21 கிராம்.

ராகி அல்லது கம்பு மாவு சேர்க்க விரும்புவோர் ஆட்டாவில் 100 கிராமைக் குறைத்து அதற்கு ஈடாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் செங்கல்தான். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச்சத்து 360 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. கம்பில் இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல். இரண்டும் கொங்கு நாட்டின் பழைய உணவுகள், உடலுக்கு நல்லவை. எனினும் நுண்ணிய ராகி மாவும் சர்க்கரையை விரைவாகவே உயர்த்தும் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது.

ரொட்டி மிருதுவாக வர வேண்டும் என்று பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் உதிரியாகக் கிடைக்கும் பிரெட் இம்ப்ரூவர் பொடியை வாங்கிச் சேர்க்கவேண்டாம். 2016ஆம் ஆண்டு அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லியில் 38 ரொட்டி, பன் மாதிரிகளைச் சோதித்தபோது 84 சதவீத மாதிரிகளில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் காணப்பட்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயுறப்படும் பட்டியலில் புரோமேட் உள்ளது. அதே ஆண்டு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதைத் தடைசெய்தது. உட்பொருள் எழுதாத பொடி எதுவும் வீட்டு மாவில் சேர வேண்டிய தேவையே இல்லை.

உப்பு பற்றி ஒரு சொல். மாவின் எடையில் 2 சதவீதம் உப்பு என்பது பேக்கரி வழக்கம். 500 கிராம் மாவுக்கு 10 கிராம். அந்த ரொட்டியில் பாதியை ஒருவர் ஒரே நாளில் உண்டால், உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் வகுத்த 5 கிராம் வரம்பு ரொட்டியிலேயே தீர்ந்துவிடும். நாங்கள் சொல்லும் ஒரு தேக்கரண்டி அதில் பாதி. நாக்கு ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும். ஈஸ்டுக்குப் பதிலாக பேக்கிங் பவுடர் சேர்த்துச் சுடும் முறையை இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. அதில் சோடியம் உண்டு. எளிதில் உடலில் சேரும் பாஸ்பேட்டும் பல வகைகளில் உண்டு. சிறுநீரக நோயாளிகள் முழுமாவுக்கு மாறும் முன் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இரத்தசோகையும் தேநீரும்

நீரிழிவை விட்டுச் சற்றே விலகுவோம். பனியன் கம்பெனிகளில் பெரும் பகுதியினர் பெண்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தசோகை இருப்பதை ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியது. தையல் இயந்திரத்தின் முன் மயங்கி விழுந்து எங்களிடம் வரும் இளம்பெண்களின் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7, 8 என்று இருப்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. பழகிப்போயிருக்கக் கூடாத காட்சி.

முழுக்கோதுமையில் இரும்புச்சத்து உண்டு என்றோம். ஆனால் தவிட்டிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அதைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கிறது. தேநீரிலுள்ள டானின் அதே தடையை இன்னும் வலுப்படுத்துகிறது. ரொட்டியும் தேநீரும் சேர்ந்த இணை, இரும்புச்சத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ வெறுங்கை. இங்கே ஈஸ்ட் நமக்கு உதவுகிறது: மாவு நீண்ட நேரம் புளிக்கும்போது ஃபைட்டேட் சிதைகிறது. எனவே இரத்தசோகை உள்ள வீட்டில், ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, பிசைந்த மாவை இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் சுடுவது நல்லது. சுவையும் கூடும். தேநீரை ரொட்டிக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இடைவேளை பத்து நிமிடம்தான், எப்படித் தள்ளுவது என்று ஒரு பெண் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படியானால் இடைவேளையில் தேநீர் மட்டும் போதும். ரொட்டியை மதிய உணவோடு, நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து உண்ணுங்கள். பொட்டல மாவு வாங்குவோர், கூட்டல் குறியும் எஃப் என்ற எழுத்தும் கொண்ட முத்திரை உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை அரசு வகுத்த அளவில் சேர்க்கப்பட்டிருக்கும். மாத்திரைக்கு இது மாற்றாகாது, துணையாகும்.

இரும்பு மாத்திரைக்கும் அசையாத இரத்தசோகை சிலருக்கு இருக்கும். வடமாநிலத்திலிருந்து இங்கு வேலைக்கு வந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரை அவருடைய அறைத்தோழர்கள் அழைத்துவந்தார்கள். இரண்டாண்டாக மெலிவு, அடிக்கடி வயிற்றுப்போக்கு, எத்தனை மாத்திரை தந்தும் ஏறாத ஹீமோகுளோபின். குடல் திசுப் பரிசோதனையில் சீலியாக் நோய் என்று உறுதியாயிற்று. குளூட்டனுக்கு எதிராக உடலே கிளம்பிக் குடலின் உட்சுவரைச் சிதைக்கும் நோய் இது. 2016ஆம் ஆண்டு வெளியான இந்திய ஆய்வொன்றில், இந்நோய்க்கான எதிர்ப்பொருள்கள் வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்கு மேல், அதாவது 1.23 சதவீதம் பேரிடம் காணப்பட்டன, தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேரிடம். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. வேறுபட்டது கோதுமை: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். பீகாரும் ஒடிசாவும் உத்தரப் பிரதேசமும் வந்து தங்கியிருக்கும் இவ்வூரில், சோற்றிலிருந்து கோதுமைக்கு மாறிவரும் உள்ளூர்க் குடும்பங்களும் சேர்ந்து வாழும் இவ்வூரில், இந்த எண்களை மருத்துவர்கள் மனத்தில் வைத்தே ஆக வேண்டும்.

சீலியாக் நோயாளிக்கு ஆட்டா, மைதா, ரவை, சம்பா, பார்லி எல்லாம் ஒன்றே; எதுவும் ஆகாது. எத்தனை மணி நேரம் புளிக்கவைத்தாலும் ஆகாது. ராகியும் கம்பும் சோளமும் அரிசியும் ஆகும். ஆனால் அவற்றைத் தெரு மில்லில் அரைக்கும்போது முன்பு அரைத்தவரின் கோதுமை மாவு இயந்திரத்திலிருந்து சேர்ந்துவிடுகிறது. அந்த இளைஞர் ஆறு வாரம் ராகிக்கு மாறியும் குணம் தெரியாமல் இருந்ததற்கு அதுவே காரணம். இப்போது அறைத்தோழர்கள் சேர்ந்து சிறிய மிக்சி ஒன்றை அவருக்கென்றே வாங்கிவைத்திருக்கிறார்கள். சப்பாத்திக் கல்லும் தனி. நோய் உறுதியாகும் முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்திய பின் செய்யும் பரிசோதனை உண்மையைக் காட்டாமல் போகலாம்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இக்கட்டுரையைப் படித்த வேகத்தில் ஆறு துண்டை இரண்டாக்கிவிட்டு, மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இரவு ஷிப்டில் கட்டிங் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கு அது பெரிய ஆபத்து. உணவை மாற்றும் வாரத்தில் எங்களிடம் ஒருமுறை வாருங்கள். வீட்டில் பயன்படுத்தும் மாவுப் பொட்டலத்தின் உறையையும், சுட்ட ரொட்டியில் ஒரு துண்டையும் எடுத்துவந்தால் உணவியல் நிபுணர் எடைபோட்டு அளவைச் சொல்வார். ரொட்டி உண்டபின் இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் சர்க்கரையைப் பார்ப்பது, எந்த அட்டவணையைக் காட்டிலும் உங்கள் உடலைப் பற்றித் தெளிவாகச் சொல்லும்.

செக்கிங் பிரிவு அம்மையார் சென்ற மாதம் வந்தார். இப்போது ரவை ரொட்டி. காலையில் இரண்டு துண்டு, கொண்டைக்கடலைக் குழம்போடு. இரவில் ரொட்டி இல்லை. மாத்திரையும் ஒன்று கூட்டியிருந்தோம். மாலையில் அரைமணி நேரம் நடக்கவும் தொடங்கியிருக்கிறார். சராசரி 7.3. ஆகவே ரொட்டிக்கு மட்டும் அந்தப் பெருமையைத் தர முடியாது. எங்களுக்கென்று நாளிதழில் சுற்றி இரண்டு துண்டு கொண்டுவந்திருந்தார். சற்றே கடினமாக இருந்தது. ரவை சரியாக ஊறவில்லை, முந்தின நாள் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு பத்தாகிவிட்டது என்றார்.